கூடு மாறிய குரல்
(ஜிக்கியின் இசைவாழ்வு பற்றிய ஒரு திறனாய்வு)

இசையுலகில் புகழுரை இருவகைப்படும். ஒன்று, பாடியவர் யார் என்பதையும் மறக்கச் செய்து பாட்டின்மேல் எழுவது. மற்றொன்று, பாட்டினும் பாடியவரின் வயதைக் கண்டு வியப்பது. ஏழு வயதுச் சிறுமி சுருதி தப்பாமல் ஒரு கீர்த்தனையைப் பாடி முடித்தால், அவை கைதட்டுவது பெரும்பாலும் கீர்த்தனைக்கன்று. ஏழு என்னும் எண்ணுக்கே. இந்த இரண்டாம் வகைப் புகழ் விரைவில் வந்து சேர்வது. அவ்வாறே விரைவில் விலகுவது. குழந்தைக்கு ஆண்டுதோறும் வயது ஏறுகிறது. வியப்போ ஆண்டுதோறும் இறங்குகிறது. ஆதலின், குழந்தைப் பாடகராகத் தொடங்கிய ஒருவர் பின்னாளில் என்ன ஆனார் என்னும் வினா, அவருடைய திறமையைப் பற்றியது மட்டுமன்று. அவரைக் கேட்டவர்களின் அளவுகோலைப் பற்றியதும் ஆகும்.

தமிழ் மரபில் குழந்தைப் பாடகர் என்றவுடன் நினைவில் எழுபவர் ஆளுடைய பிள்ளையாராகிய திருஞானசம்பந்தர். சீகாழித் தீர்த்தக்கரையில் மூன்றாம் ஆண்டில் ஞானப்பாலுண்டு பாடத் தொடங்கிய அவர், பதினாறாம் ஆண்டில் நல்லூர்ப் பெருமணத்தில் சோதியிற் கலந்தார் என்பது பெரியபுராணம் காட்டும் வரலாறு. பிள்ளையாராக வந்தவர் பிள்ளையாராகவே மறைந்தார். அவரால் ‘அப்பரே’ என்றழைக்கப்படும் பேறு பெற்றவரோ திருநாவுக்கரசர். சூலை நோயின் வேதனையில், வாழ்வின் பெரும்பகுதியைக் கடந்த பின்னரே அவர் வாய் திறந்து பாடினார். முதுமையிலும் தலந்தோறும் பாடியே நடந்தார். இளமையின் பாட்டையும் முதுமையின் பாட்டையும் ஒரே தட்டில் வைத்து மூவர் தமிழ் எனப் போற்றியது இந்த மரபு. ஆனால் குழந்தையாகத் தொடங்கி முதியவராக முடியும் ஒரு குரலை எவ்வாறு கேட்பது என்பதற்கு அம்மரபிலும் நேரான முன்மாதிரி இல்லை. இருபதாம் நூற்றாண்டில் இசைத்தட்டும், பேசும்படமும், வானொலியும் வந்த பின்னரே அந்த வினா கூர்மை பெற்றது. அதற்கு விடை காண ஏற்றதொரு வாழ்வு, ஜிக்கி என்று தமிழுலகம் அறிந்த கிருஷ்ணவேணியுடையது.

1

ஜிக்கி 1935 ஆம் ஆண்டு நவம்பரில் பிறந்தவர். ஆந்திர நாட்டுச் சந்திரகிரியைச் சேர்ந்த அவருடைய குடும்பம் பிழைப்புக் கருதிச் சென்னைக்கு வந்தது. 1943 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பந்துலம்மா’ என்னும் தெலுங்குப் படத்தில் சிறுமியாகத் தோன்றிப் பாடியது அவருடைய தொடக்கம். அப்போது அவருக்கு வயது ஏழு. அவர் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்னரே தமிழ்ப்படம் பேசத் தொடங்கியிருந்தது. அந்த முதற்காலத்தில் நடிப்பவரே பாட வேண்டும். ஒலிப்பதிவுக் கருவியும் படக்கருவியும் ஒருங்கே ஓட, மரத்தின் மறைவிலோ திரையின் பின்னாலோ அமர்ந்த பக்கவாத்தியத்தாரின் துணையுடன் பாட வேண்டும். ஆகவே முகவழகு ஒருபுறமிருக்க, கூடத்தின் கடைசிவரை எட்டும் நாடகக்குரலே நடிகருக்கு முதல் தகுதியாக இருந்தது.

இந்த நிலையை மாற்றியது பின்னணி முறை. ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் 1938 ஆம் ஆண்டில் தயாரித்த ‘நந்தகுமார்’ படத்தில் லலிதா வெங்கட்ராமன் என்னும் பாடகியின் குரல் நடிகை ஒருவருக்கு இரவல் தரப்பட்டது. அதே படத்தில் பாலகிருஷ்ணனாக நடித்துத் தம் சொந்தக் குரலிலேயே பாடிய சிறுவர், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற டி. ஆர். மகாலிங்கம். ஒரே படத்தில் இரு வழிகள் பிரிந்தன. ஒன்று, முகமும் குரலும் ஒருவருடையதாகவே நின்ற பழைய வழி. மற்றொன்று, குரல் ஒருவருடையதாகவும் முகம் மற்றொருவருடையதாகவும் ஆன புதிய வழி. 1945 ஆம் ஆண்டின் ‘ஸ்ரீவள்ளி’யில் இப்பிரிவு இன்னும் வெளிப்படையாயிற்று. வள்ளியாக நடித்த குமாரி ருக்மணி பாடியிருந்த பாடல்கள் மனநிறைவு தராமற்போகவே, அவற்றைப் பி. ஏ. பெரியநாயகியைக் கொண்டு மீண்டும் பாடச் செய்து, நடிகையின் உதட்டசைவுடன் பொருத்தினார் மெய்யப்பச் செட்டியார். பாடுவது தனித்தொழில் என்பது அதன்பின் ஐயமற நிலைபெற்றது.

சித்தர்கள் கூடுவிட்டுக் கூடு பாய்ந்ததாகக் கதைகள் கூறும். உயிர் தன் உடலை ஓரிடத்தில் விட்டுவிட்டு வேறோர் உடலிற் புகுந்து நடமாடுவது அது. பின்னணி இசை அக்கதையை அன்றாடத் தொழிலாக்கியது. குழந்தைப் பாடகருக்கோ இது இருமடங்கு மாற்றம். மேடையில் அவரைக் கண்டு வியந்த கண்கள் இப்போது இல்லை. ‘இத்தனை சிறிய உருவமா இப்படிப் பாடுகிறது!’ என்னும் வியப்புக்கு உருவமே இல்லாமற் போயிற்று. வயதைக் காட்டிப் பெற்ற புகழை இழந்து, குரலைக் காட்டியே நிற்க வேண்டிய இடத்திற்கு அவர் வந்து சேர்ந்தார்.

2

ஜிக்கியின் வாழ்வில் இம்மாற்றம் நிகழ்ந்த இடத்தை ஒரே பாட்டில் சுட்டிக்காட்ட இயலும். 1948 ஆம் ஆண்டில் சிட்டாடல் நிறுவனம் தயாரித்த ‘ஞானசௌந்தரி’யில், எஸ். வி. வெங்கட்ராமன் இசையில் அமைந்த மாதா துதி அது. சிறுமியாகிய ஞானசௌந்தரி தேவமாதாவை வேண்டிப் பாடத் தொடங்குகிறாள். பாட்டு நடக்கும்போதே காலமும் நடக்கிறது. பாட்டு முடிவதற்குள் சிறுமி கன்னியாகிவிடுகிறாள். சிறுமிக்குக் குரல் தந்தவர் ஜிக்கி. கன்னிக்குக் குரல் தந்தவர் பெரியநாயகி. அப்போது ஜிக்கிக்கு வயது பன்னிரண்டு. கதைத்தலைவனாக நடித்தவர், ‘நந்தகுமா’ரில் சிறுவனாகப் பாடிய அதே மகாலிங்கம்.

இப்பாட்டு அந்நாளில் இந்துக்கள், கிறித்தவர் என்னும் வேறுபாடின்றி எல்லாராலும் விரும்பப்பட்டது. அதன் வெற்றிக்கு மெட்டின் எளிமையும் பத்தியின் நேர்மையும் காரணங்கள் என்பர். அவற்றோடு மற்றொன்றையும் சேர்த்தல் வேண்டும். ஒரே மெட்டு இரு குரல்களில் ஒலிக்கையில், கேட்போர் செவி இரண்டையும் ஒப்பிடாமல் இருக்க முடியாது. பெரியநாயகியின் குரலில் பயிற்சியின் வளைவுகள் தெளிவாகத் தெரிகின்றன. அது தான் பாடுவதை அறிந்து பாடும் குரல். ஜிக்கியின் குரலோ கேட்பதையே பாடுகிறது. வேண்டுதல் நிறைவேறும் என்பதில் ஐயமே இல்லாத ஒரு குழந்தையின் வேண்டுதல் அது. சுரங்களின்மேல் அது தங்குவதில்லை. ஒன்றைத் தொட்டவுடன் அடுத்ததற்குச் செல்கிறது. பின்னாளில் ஜிக்கியின் தனித்தன்மை என்று போற்றப்பட்ட தெளிவும், ஒளிவுமறைவின்மையும், சொல்லின் முடிவைச் சற்றே மேல்நோக்கி விடும் இயல்பும் இங்கேயே முளைவிட்டிருப்பதைக் காணலாம்.

ஆயினும் இப்பாட்டின் அமைப்பு தன்னையறியாமல் ஒரு தீர்ப்பையும் கூறிவிடுகிறது. குழந்தை வளர்ந்தால் குரலையே மாற்றிவிட வேண்டும் என்பது அத்தீர்ப்பு. கதைக்கு அது பொருந்தும். கதையில் ஆண்டுகள் ஒரு நொடியில் கடந்துவிடுகின்றன. குரல் தந்த சிறுமிக்கோ அவ்வாறு கடக்க இயலாது. அவர் ஒவ்வோர் ஆண்டாக வளர்ந்தாக வேண்டும். தம் இடத்தைப் பிறிதொரு குரல் பெற்றுக்கொள்ளும் என்பதைத் தம் முதற்பெருவெற்றியிலேயே அவர் கேட்டிருக்கிறார். ஜிக்கியின் இசைவாழ்வு முழுவதும் இத்தீர்ப்பை மறுத்த வரலாறு எனலாம்.

3

அம்மறுப்புக்கு அதிக நாள் செல்லவில்லை. 1950 ஆம் ஆண்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த ‘மந்திரிகுமாரி’யில், ஜி. ராமநாதன் இசையில், திருச்சி லோகநாதனுடன் ஜிக்கி பாடிய இரு பாடல்கள் தமிழ்த் திரையிசையின் நிலைத்த செல்வங்கள். அவற்றுள் ஒன்று, காற்றும் நீரும் துணைநிற்க ஓடும் படகுப் பாட்டு. மற்றது, கணவன் மனைவியை மலையுச்சிக்கு அழைத்துச் செல்லும் பாட்டு. படத்தின் கதை ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசியின் நிகழ்ச்சியைத் தழுவியது. காதலித்து மணந்த கள்வனே தன்னைக் கொல்ல மலைக்கு அழைத்துச் செல்ல, இறுதியில் அவனை அவளே தள்ளிவிடும் அந்தக் கதையைத் தமிழாசிரியர் எவரும் அறிவர். மு. கருணாநிதி அதற்குப் புத்துருவம் தந்தார்.

இந்த மலைப்பாட்டு கேட்பதற்குக் காதற்பாட்டு. பொருளோ கொலைக்கான அழைப்பு. கணவனின் உள்ளத்தில் இருப்பதைப் படம் பார்ப்போர் அறிவர், மனைவி அறியாள். ஆதலின் ஆண்குரல் இரண்டு பொருளைச் சுமக்க வேண்டும். பெண்குரல் ஒரே பொருளை மட்டும் சுமக்க வேண்டும். லோகநாதனின் கனத்த குரல் இனிமைக்குள் இருளை வைத்துப் பாடுகிறது. அதற்கு மறுமொழியாக எழும் ஜிக்கியின் குரலில் இருளின் நிழலும் இல்லை. அந்த நிழலின்மையே கேட்போரை நடுங்க வைக்கிறது. கைதேர்ந்த பாடகி ஒருவர் இப்பகுதியைப் பாடியிருந்தால், பின்னால் வரப்போவதை உணர்ந்து ஓர் உருக்கத்தைச் சேர்த்திருத்தல் கூடும். சேர்த்திருந்தால் பாட்டின் ஆற்றல் பாதியாகியிருக்கும்.

இப்பாட்டைப் பாடியபோது ஜிக்கிக்குப் பதினான்கு வயதே. பதினான்கு வயதுச் சிறுமி மணமான பெண்ணொருத்திக்குக் குரல் தந்திருக்கிறார் என்பதைப் படம் பார்த்தவர் எவரும் எண்ணவில்லை. எண்ணவேண்டிய தேவையும் எழவில்லை. குரலின் வயது வேறு, பாடுவோரின் வயது வேறு என்னும் உண்மை இங்கே முதன்முதலாக மெய்ப்பிக்கப்பட்டது. இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. எம். எஸ். ராஜேஸ்வரி வளர்ந்த பெண்ணாகிய பின்னரும் திரையிற் குழந்தைகளுக்கே பெரிதும் பாடினார். 1960 ஆம் ஆண்டில் ‘களத்தூர் கண்ணம்மா’வில் சிறுவன் கமல்ஹாசனுக்கும், 1965 ஆம் ஆண்டில் ‘குழந்தையும் தெய்வமும்’ படத்திற் குட்டி பத்மினிக்கும் ஒலித்தது அவருடைய குரலே. சிறுமி மங்கைக்குப் பாடினார். மங்கை சிறுவனுக்குப் பாடினார். இவ்விரண்டையும் மக்கள் ஐயமின்றி ஏற்றனர். அங்ஙனமாயின் குரலுக்கு வயது கற்பிப்பது கேட்போரின் கற்பனையே அன்றி வேறில்லை.

4

1950 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் ஜிக்கியின் பொற்காலம். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் ஆகிய மொழிகளில் மட்டுமன்றிச் சிங்களப் படங்களுக்கும் அவர் பாடினார். 1953 ஆம் ஆண்டில் ராஜ்கபூரின் ‘ஆஹ்’ என்னும் இந்திப்படம் ‘அவன்’ எனத் தமிழில் வந்தபோது, சங்கர்–ஜெய்கிஷனின் மெட்டுகளுக்கு ஏ. எம். ராஜாவுடன் தமிழ்க்குரல் தந்தவர் அவரே. பின்னர் இருவரும் வாழ்விலும் இணைந்தனர். 1956 ஆம் ஆண்டில் ‘அமரதீப’த்தில் குறும்பு துள்ளும் தனிப்பாட்டு, 1958 ஆம் ஆண்டில் ‘நாடோடி மன்ன’னில் டி. எம். சௌந்தரராசனுடன் இணைப்பாட்டு, அதே ஆண்டில் ‘உத்தமபுத்திர’னில், சௌந்தரராசன், ஏ. பி. கோமளா, ஜமுனாராணி ஆகியோருடன் மேலைநாட்டுத் தாளத்தில் ஒரு குழுப்பாட்டு. 1959 ஆம் ஆண்டில், ஏ. எம். ராஜாவே இசையமைத்த ‘கல்யாணப்பரி’சில் உள்ளம் துள்ளவைக்கும் ஒரு பாட்டு என அவருடைய களம் விரிந்தது.

இவற்றுள் திறனாய்வுக்கு மிகவும் ஏற்றது, 1958 ஆம் ஆண்டில் ஜெமினி தயாரித்த ‘வஞ்சிக்கோட்டை வாலிப’னின் போட்டி நடனப் பாட்டு. பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஒருவரையொருவர் வெல்ல முயன்று ஆடும் அக்காட்சிக்கு, சி. ராமச்சந்திரா இசையில், பி. லீலாவும் ஜிக்கியும் பாடினர். லீலா கச்சேரி மேடையில் வளர்ந்தவர். கருநாடக இசையை முறையாகக் கற்றவர். இப்பாட்டில் திரையில் ஆடுவோர் இருவர். திரைக்குப் பின்னும் போட்டியிடுவோர் இருவர். லீலாவின் குரல் பட்டுச்சேலையின் கனத்துடன் நடக்கிறது; ஜிக்கியின் குரல் சதங்கையின் விரைவுடன் ஓடுகிறது. ஒன்றுக்கு மற்றொன்று தாழவில்லை. அந்நாளில் ஒலிப்பதிவு இன்றுபோற் பகுதி பகுதியாக வெட்டி ஒட்டப்பட்டதன்று. பாடுவோரும் வாத்தியத்தாரும் ஒருங்கே கூடி, தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே மூச்சிற் பாடவேண்டும்; ஒருவர் தவறினால் அனைவரும் மீண்டும் தொடங்க வேண்டும். அத்தகைய கடுமையில் விரைவையும் தெளிவையும் ஒருசேரக் காத்தது ஜிக்கியின் தேர்ச்சிக்குச் சான்று. குழந்தைப் பருவத்தின் இயல்பான கொடை இங்கே உழைப்பினாற் கலையாக முதிர்ந்துவிட்டது.

பின்னணி பாடுவோரைப் படைப்பாளர் எனக் கொள்ளலாமா, கருவி எனக் கொள்ளலாமா என்னும் வினா சிலரால் எழுப்பப்படுகிறது. சொல் கவிஞருடையது; மெட்டு இசையமைப்பாளருடையது; முகம் நடிகையுடையது; எஞ்சியது என்ன என்பர். இதற்கு விடை சங்க அகப்பாடல்களில் இருக்கிறது. அகப்பாடலில் புலவர் தம் பெயராற் பேசுவதில்லை. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று எனப் பிறர் வாயாகவே பேசுகிறார். தலைவியின் பெயரும் சுட்டப்படுவதில்லை. ஆயினும் கபிலர் பாடிய தோழியையும் பரணர் பாடிய தோழியையும் பயின்ற செவி பிரித்தறியும். தம்மை மறைத்துக்கொண்டு பிறராய்ப் பேசுவது கலையின் குறைபாடன்று. அதுவும் ஒரு கலை. ஜிக்கி எந்த நடிகைக்குப் பாடினாலும் முதலடியிலேயே ‘இவர் ஜிக்கி’ எனச் செவி அறிந்துகொள்வதும் இத்தகையதே.

குறையும் கூறாமல் விடுதல் திறனாய்வாகாது. நெடிய ஆலாபனையும், மெல்லமெல்லக் கனத்து ஆழும் துயரமும் ஜிக்கியின் குரலுக்கு இயல்பான களங்கள் அல்ல. துயரப் பாடல்களில் அவர் குரல் அழுவதைக் காட்டிலும் அஞ்சுவது போலவே ஒலிக்கும். பி. சுசீலாவின் குரலில் ஒரு சொல்லுக்குள்ளேயே உணர்ச்சி படிப்படியாகக் கனிவதைக் கேட்கலாம். ஜிக்கியின் குரலில் உணர்ச்சி முதற்சொல்லிலேயே முழுமையாக வெளிப்பட்டுவிடும். ஒளி மறைந்து மறைந்து வரும் பாடல்களை நாடிய காலம் வந்தபோது, ஒளியை ஒரேயடியாகக் கொட்டும் குரலுக்கு இடம் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

5

ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் ஜிக்கியின் குரல் வாழ்ந்த முறை தனியே கூறத்தக்கது. 1924 ஆம் ஆண்டில் பதுளைக்கு வந்த புகையிரதப்பாதை அங்கேயே முடிந்துவிட்டது. பசறை, லுணுகலை, மொனராகலை ஆகிய ஊர்களுக்கு அப்பாதை வரவில்லை. ஆனால் பாதை வராத இடங்களுக்கும் வானொலி வந்தது. 1952 ஆம் ஆண்டில் இந்திய ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியிற் திரைப்பாடல்களுக்கு இடமில்லாமற் செய்தபோது, தமிழகத்தாரும் இலங்கை வானொலியையே நாடினர். எஸ். பி. மயில்வாகனனார் முதலிய அறிவிப்பாளர்களின் குரல் இருகரையிலும் ஒலித்த காலம் அது.

திரையரங்கிற் பார்த்த படத்தின் பாட்டை வானொலியிற் கேட்பது நகரத்தார் வழக்கம். தோட்டத்தில் அது பெரும்பாலும் மாறி நடந்தது. முதலிற் பாட்டு வரும். படம் நெடுநாட் கழித்து நகரத்துக் கொட்டகைக்கு வரும். பலருக்கு அது வருவதேயில்லை. லயத்தின் வாசலிலோ தேநீர்க்கடையிலோ நின்று கேட்டவர்க்கு அக்குரலின் முகம் பத்மினியுமன்று, வைஜயந்திமாலாவுமன்று. குரல் குரலாகவே வந்தது. அதற்கு ஒரு பெயரும் உடன் வந்தது. படத்தின் பெயரையும் பாடியவரின் பெயரையும் பாட்டுக்கு முன் கூறுவது இலங்கை வானொலியின் நல்வழக்கம். 1949 ஆம் ஆண்டில் இந்தியில் ‘மஹல்’ வெளிவந்தபோது, அதன் புகழ்பெற்ற பாட்டின் இசைத்தட்டிற் பொறிக்கப்பட்டிருந்தது ‘காமினி’ என்னும் கதைமாந்தரின் பெயரே. பாடிய லதா மங்கேஷ்கரின் பெயரன்று. அத்தகைய காலத்தை அடுத்து, பாடுவோரின் பெயரை நாள்தோறும் மக்கள் செவியில் நிலைநிறுத்திய தொண்டு சிறிதன்று. திரைப்படம் பாடகியிடமிருந்து முகத்தை வாங்கிக்கொண்டது. வானொலி அவருக்குப் பெயரைத் திருப்பித் தந்தது. அவர் எத்தனை வயதினர், எவ்வூரினர் என்பதறியாமல், ஜிக்கி என்னும் பெயரையும் அவர் குரலையும் மட்டுமே அறிந்த மலைநாட்டார் கேள்வி, ஒருவகையில் மிகத் தூய கேள்வி எனலாம்.

6

1960-களில் ஜிக்கிக்கு வாய்ப்புகள் அருகின. சுசீலா முதலிடத்திற்கு உயர்ந்தார். குழுப்பாடகியாகத் தொடங்கிய எல். ஆர். ஈஸ்வரி துள்ளற்பாடல்களைத் தமதாக்கிக்கொண்டார், எஸ். ஜானகியும் முன்வந்தார். இசையமைப்பாளர்களும் மாறினர். ராஜாவும் ஜிக்கியும் மேடைக் கச்சேரிகளை நடத்தி இசையைத் தொடர்ந்தனர். இந்த இறங்குமுகத்தைக் கண்டு, ‘குழந்தையாய் இருந்தபோது எழுந்த குரல், இளமை போனதும் அதுவும் போயிற்று’ எனக் கூறுதல் எளிது. அவ்வாறு கூறுவது உண்மையாகாது. ஜிக்கி முப்பது வயதை எட்டியது 1965 ஆம் ஆண்டில். முப்பது வயதில் எந்தக் குரலும் முதுமை எய்துவதில்லை.

சான்றுகள் வேறுவிதமாகவே பேசுகின்றன. 1978 ஆம் ஆண்டில் ‘வட்டத்துக்குள் சதுரம்’ படத்தில் இளையராஜா அவரை அழைத்துப் பாடவைத்தார். அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. 1989 ஆம் ஆண்டில், ‘பாட்டுக்கு ஒரு தலைவன்’ படத்தில் மனோவுடன் ஓர் இளங்காதற்பாட்டைப் பாடினார். அப்போது வயது ஐம்பத்து மூன்று. அவ்வாண்டு ஏப்ரலில் வள்ளியூரில் நேர்ந்த புகையிரத விபத்தில் ராஜா காலமானார் என்பதையும் இங்கு நினைத்தல் தகும். அப்பாட்டைக் கேட்போர் ‘மந்திரிகுமாரி’யின் குரலை உடனே இனங்காண்பர். சொல்லின் முடிவு சற்றே மேல்நோக்கி எழும் அந்தப் பழைய இயல்பு அங்கே அப்படியே இருக்கிறது. ஆனால் அதைச் சூழ்ந்து ஒரு நிதானமும் சேர்ந்திருக்கிறது. முன்பு சுரத்தைத் தொட்டவுடன் கடந்த குரல், இப்போது தொட்டுச் சற்று நிற்கிறது. முன்பு இயலாதெனக் கூறப்பட்ட கனிவு முதுமையோடு வந்து சேர்ந்துவிட்டது. குரல் தேயவில்லை, வளர்ந்திருந்தது. அது வளர்ந்த ஆண்டுகளில் கேட்பாரின்றிக் கிடந்தது என்பதே இழப்பு.

இவ்விடத்திற் கே. பி. சுந்தராம்பாளை ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். அவரும் குழந்தைப் பாடகர். வறுமையின் காரணமாக இரயிற்பெட்டிகளிற் பாடிய சிறுமி. நாடக மேடை ஏறி, இலங்கையிலும் நடித்து, எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து பெரும்புகழ் பெற்றார். 1953 ஆம் ஆண்டில் ஔவையாராகவும், 1965 ஆம் ஆண்டின் ‘திருவிளையாட’லில் மீண்டும் ஔவையாராகவும், 1973 ஆம் ஆண்டிற் காரைக்கால் அம்மையாராகவும் அவர் திரையிற் தோன்றினார். அவருடைய குரல் முதிர்ந்தது; முகமும் உடன் முதிர்ந்தது. முதிர்ந்த முகம் கண்முன் நின்றதால், முதிர்ந்த குரலை மக்கள் வணங்கிக் கேட்டனர். ஜிக்கிக்கு அவ்வாய்ப்பு இல்லை. கதைத்தலைவியர்க்கு என்றும் இருபது வயது. ஆதலின் அவர்க்குக் குரல் தருவோரும் என்றும் இருபது வயதினராக ஒலிக்க வேண்டும் என்பது திரையுலகின் எழுதாச் சட்டம். ஐம்பது வயதுப் பெண்ணொருத்தியின் உள்ளத்தைப் பாடும் பாட்டைத் தமிழ்த்திரை அரிதாகவே கேட்டது. பாட்டே இல்லாதபோது குரல் எங்கே ஒலிப்பது? குறை குரலிலன்று, கதையின் வறுமையில் இருந்தது.

7

ஜிக்கி 2004 ஆம் ஆண்டு ஆகஸ்டில், அறுபத்தெட்டாம் வயதிற் சென்னையிற் காலமானார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் இசையோடு வாழ்ந்த பின்னரும், செல்லப்பெயர் போன்ற அந்தச் சிறுபெயராலேயே உலகம் அவரை அழைத்தது. அப்பெயரில் அன்பு உண்டு. அவரை எப்போதும் அந்தச் சிறுமியாகவே வைத்திருக்க விரும்பிய கேட்போரின் பிடிவாதமும் அதில் இல்லாமலில்லை.

கல்விக்கூடங்களுக்கும் இவ்வாழ்வு ஒரு செய்தி கூறுகிறது. நவராத்திரி கலைவிழாவிலும், பரிசளிப்பு விழாவிலும், கோயில் மண்டபத்திலும் நன்றாகப் பாடும் சிறுவரை முன்வரிசையில் நிறுத்துவது வழக்கம். பத்து வயதில் ஒலிபெருக்கி முன் நின்ற சிறுவனைப் பதினைந்து வயதில் எவரும் அழைப்பதில்லை. அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது என்பர். சிறுமியாயின் படிப்பு, வேலை, மணம் என ஏதேனும் ஒன்று கூறி நிறுத்திவிடுவர். குரல் உடைவது இயற்கை. உடைந்த குரல் தேறி வேறொரு குரலாக வரும்வரை காத்திருந்து, அதற்கேற்ற சுருதியையும் பாட்டையும் தேர்ந்து தருவதே ஆசிரியர் கடமை. முன்பு பாடிய மேற்சுருதியிலேயே மீண்டும் பாடச் சொல்லி, இயலாதபோது ‘முன்போல் இல்லை’ எனக் கைவிடுவது கற்பித்தல் ஆகாது. மலையகத் தோட்டங்களில் தாலாட்டையும் ஒப்பாரியையும் காமன் கூத்துப் பாட்டையும் காத்தவர்கள் சிறுவர் அல்லர், நடுவயதைக் கடந்தவர்களே. தேய்ந்த குரலில் வாழ்ந்த இசை அது. அதனை அறிந்த மண்ணில், ஒரு குரலின் அருமையை அதன் இளமையைக் கொண்டே அளப்பது பொருந்தாது.

‘ஞானசௌந்தரி’யின் துதிப்பாட்டிற் சிறுமிக்குப் பின் வேறொரு குரல் வந்தது. அது கதையின் தேவை. ஜிக்கியின் வாழ்விலோ சிறுமியின் குரலும், மனைவியின் குரலும், போட்டியிடும் ஆடலழகியின் குரலும், ஐம்பத்து மூன்று வயதின் நிதானக் குரலும் ஒரே தொண்டையிலிருந்து எழுந்தன. அவற்றை வரிசையாக வைத்துக் கேட்போர்க்கு, வியக்கத்தக்கது அந்தப் பன்னிரண்டு வயதன்று என்பது புலனாகும். அதன்பின் வந்த நாற்பதாண்டு உழைப்பே வியப்புக்குரியது.